ஒரு மீட்டர் சட்டம்

நாலு பிளாஸ்டிக் குழாய், நாலு முழங்கை மூட்டு.
நீளம் ஒரு மீட்டர், அகலம் ஒரு மீட்டர்.
இதற்குத் தமிழில் என்ன என்று சச்சினி கேட்டாள்.
சட்டம், என்றேன்.

இதல்கஸ்ஹின்ன ரயில் பாதைக்குக் கீழே
பைனஸ் காட்டில் நடக்கிறோம், நாள் சம்பளத்துக்கு.
இருபது அடிக்கு ஒருதரம் சட்டத்தை வீசுவது என் வேலை.
விழுந்த இடத்தில் தவநாயகி குந்தி
உள்ளே முளைத்ததை எண்ணுவாள்.
சச்சினி எழுதுவாள்.

பூச்சியம்.
பூச்சியம்.
பூச்சியம்.
பைனஸ் கன்று ஒன்று.
பூச்சியம்.

ஊசியிலை கணுக்கால்வரை கிடக்கிறது.
வெயிலில் மெத்தை, மழையில் சறுக்கல்,
ஆடிக் காற்றில் ஒரு பீடித்துண்டு போதும்.
பட்டை சீவிய மரங்களில்
கறுப்புப் பொலித்தீன் பைகள் தொங்குகின்றன,
பிசின் சொட்டுச் சொட்டாக இறங்குகிறது
யாரோ ஒரு கொம்பனிக்கு.

காலில் ஒரு அட்டைகூட ஏறவில்லை என்று
தவநாயகிக்குச் சந்தோஷம்.
எனக்கும்தான்.
பத்துச் சட்டம் தள்ளிப் போன பிறகே உறைத்தது:
அட்டை இல்லாத இடத்தில்
அட்டையைக் கொத்துவதும் இல்லை,
அதைத் துரத்துவதும் இல்லை.
பழமில்லாத மரத்துக்குக் குருவி என்னத்துக்கு வரும்?

மேலே காற்று மட்டும் இரைந்தது.
கடல் மாதிரி, என்றாள் சச்சினி.
நான் கடல் பார்த்தது ஒரேயொரு தரம், திருகோணமலையில்.
அதற்குள் மீனாவது இருந்தது.

பகல் சோற்றுக்குப் பிறகு பேனா என் கைக்கு வந்தது.
படிவத்தில் இரண்டு பத்தி:
சுதேசம். அந்நியம்.
மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கிய
எக்கநாயக்க மாத்தையா எட்டிப் பார்த்தார்.
"அந்நியத்தையெல்லாம் வெட்டி எடுத்தால்
மலை தானாகவே சரியாகிவிடும்."
அவர் மரத்தைத்தான் சொன்னார்.
நல்ல மனிதர்; காலையில் எங்கள் தேத்தண்ணிக்கும்
சேர்த்துக் காசு கொடுத்தவர்.
ஆனாலும் பேனா கொஞ்சம் நின்றது.

ஒரு அடையாள அட்டைக்காக
அப்பா எட்டுத் தடவை கச்சேரிக்கு நடந்தார்.
அங்கேயும் ஒரு சட்டம் கிடந்தது.
உள்ளே விழுந்தவர் கணக்கு.
வெளியே விழுந்தவர் கப்பல்.

அதற்காக நான் மரத்துக்குப் பரிந்து பேச மாட்டேன்.
நான் மரமில்லை.
இவை வளர வளர
கீழ்ப் பிரிவுப் பீலி மெலிந்தது எனக்குத் தெரியும்,
ஆவணியில் இரவு இரண்டு மணிக்கு
குடத்தோடு காவல் நின்றவள் நான்.
பைனஸ்தான் குடிக்கிறது என்கிறோம் நாங்கள்.
இன்னும் அளக்க வேண்டும் என்கிறாள் சச்சினி.

நாற்பத்தோராவது சட்டம்.
போன வருஷப் புயலில் மூன்று பைனஸ்
ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்த இடம்.
மேலே ஒரு ஓட்டை. அதன் வழியே
அன்றைக்கு முதல்தரம் வானம்.
விழுந்த மரத்தின் முதுகில்
வெள்ளையும் ஊதாவுமாகக் குருவி எச்சம்.

கெந்த இரண்டு.
போவிட்டியா மூன்று.
பெயர் தெரியாதது ஒன்று.
சச்சினி மண்டியிட்டு, குரல் உடைய,
சிங்களத்தில் பெயர் பெயராகச் சொல்லிக்கொண்டே போனாள்.
எனக்கு இவை எல்லாவற்றுக்கும்
இதுவரை ஒரே பெயர்: விறகு.

பிறகு அந்தத் தம்பக் கன்று.
சுண்டுவிரல் உயரம், சிவந்த தளிர் இரண்டு.
குழாயின்மேல் சாய்ந்து,
தலை உள்ளே, கால் எங்கேயோ.
தண்டு மண்ணில் இறங்கும் இடம்தான் கணக்கு,
அது விதி.
தவநாயகி ஊசியிலையை ஒவ்வொன்றாக விலக்கினாள்.
ஒரு விரல் அகலம்,
வெளியே.

சச்சினி தண்ணீர்ப் போத்தலைத் திறந்தாள்.
தவநாயகி எழும்பும்போது
அவள் முழங்கால் குழாயில் பட்டதோ என்னவோ,
நான் படிவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சுதேசம்: ஏழு, என்று எழுதினேன்.

குதிகாலில் ஏதோ குளிர்ந்தது.
அட்டை.
தட்டிவிடாமல்
அடுத்த சட்டத்துக்கு நடந்தேன்.