பதினாலாவது நொடியிலிருந்து

நம்புச்செல்வி காட்டிய லிங்கில்
இரண்டு நிமிடம் ஒன்பது நொடிக் கடல்.
வத்தையில் நின்றபடி
போனை நெட்டுக்குத்தாகப் பிடித்து
யாரோ எடுத்திருக்கிறார்கள்.
பாசிச் சங்கத்து வெப்சைட்டின்
முதல் பக்கத்தில் இது ஓட வேண்டும்.
ஏர்வாடி தர்கா ரோட்டில்
ஜெராக்ஸும் ரயில் டிக்கெட்டும் போடுகிற நான்
இதையும் போடுவேன் என்று
கேள்விப்பட்டு வந்திருக்கிறாள்.

முந்நூறு என்றேன்.
இருநூறு, மீதிக்கு நண்டு என்றாள்.

பக்கத்தில் ஒட்டுகிற கோடு
நாலே வரிதான்.
அகலம் நூறு சதவீதம் கொடுத்ததும்
கடல் ஒரு தூணாக நின்றது,
இரண்டு பக்கமும் கறுப்பு.
"ராத்திரியிலயா எடுத்தோம்?"
ஒன்பதுக்குப் பதினாறு என்று
விகிதத்தைத் திருப்பிப் போட்டேன்.
விடிந்தது.

முதல் பதின்மூன்று நொடியில்
வனத்துறைப் பலகை.
தீவின் பெயர் மஞ்சள் எழுத்தில்,
எழுத்துக் கூட்டிப் படிக்கலாம்.
அந்த இடத்தில் பாசி பறித்தால்
என்ன எழுதுவார்கள், எவ்வளவு கட்டச் சொல்வார்கள்
என்பது அவளுக்குத் தெரியும்.
எனக்கும் தெரியும்.
ஒன்றும் பேசாமல்
தொடக்கம் பதினாலு என்று தட்டினேன்.

வெட்டியே போட்டிருக்கலாம்.
வீடியோவை ஏற்றிய கணக்கின் பாஸ்வேர்டு
தொண்டு நிறுவனத்து சாரிடம்.
சார் கொச்சிக்குப் போய்விட்டார்,
போன் எடுப்பதில்லை.

கீழே ஓடும் சிவப்புக் கோட்டை
எவனாவது பின்னால் இழுப்பான்.
கோட்டை மறைத்தேன்.
முடிந்ததும் மறுபடி ஓடட்டும் என்று
சுற்றவிட்டுப் பார்த்தேன்.
இரண்டாவது சுற்றுக்கு
என் பதினாலு ஞாபகமில்லை.
சுழியத்திலிருந்து தொடங்கி
பலகை, மஞ்சள் எழுத்து, தீவு.
சட்டென்று நம்புச்செல்வி
உள்ளங்கையால் திரையை மூடினாள்.
துணி சுற்றியும் பாறை கிழித்த விரல்கள்
என் மானிட்டரின் மேல்
அஞ்சும் விரிந்து கிடந்தன.
சுற்றலை எடுத்துவிட்டேன்.

கடைசியில் இன்னொரு தகராறு.
ஒன்று ஐம்பத்தெட்டில் பூரணவள்ளி முங்குகிறாள்,
காலில் கட்டிய அலுமினியத் தகடு
ஒருமுறை வெயிலில் அடித்து உள்ளே போகிறது.
இரண்டு ஒன்பதில் படம் முடிகிறது.
அவள் இன்னும் மேலே வரவில்லை.
அதற்குள் அவள் போன தண்ணீரின் மேல்
எவளோ உதட்டுச் சாயம் பூசக் கற்றுத்தரும் வீடியோவும்
இறால் பிரட்டல் வீடியோவும்
கட்டம் கட்டமாக வந்து மூடின.
"எழும்பவே இல்லையே அவ,
இப்படியா விடுவீங்க?"
முடிவை முன்னால் இழுத்தேன்,
ஐம்பத்தோராவது நொடிக்கு.
அதில் மேலே வந்து
விசிலடிக்கிற மாதிரி மூச்சு விட்டு
கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கி
கேமராவைப் பார்த்து ஒரு வரி சொல்கிறாள்.

தானாக ஓடும்படி வைக்கவா என்றேன்.
யாவாரி பக்கத்தைத் திறந்ததுமே ஓடும்.
"வைங்க."
ஆனால் சத்தம் வராது.
தானாக ஓடுவதென்றால் ஊமையாகத்தான் ஓடும்,
உலகத்தில் எல்லா பிரவுசருக்கும் அதுதான் சட்டம்.
குரல் வேண்டுமென்றால்
ஒருத்தர் விரலால் தொட வேண்டும்.
"தொடலைன்னா?"
தொடவில்லை என்றால் படம்தான், அசையாது.
கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தாள்.
"ஊமைப் படத்துக்கா
டீசல் ஊத்திப் போனோம்?
தொடட்டும்."

முகப்புப் படமாக
பூரணவள்ளி வாய் திறக்கும் முன்னான நொடியை வைத்தேன்.
அவள் முகத்துக்கு நேர் நடுவில்
முக்கோணப் பொத்தான்.

மறுநாள் நண்டு வந்தது,
பெயின்ட் வாளியில், உயிரோடு, ஏழு.
அன்றிரவு கடையடைக்கும் முன்
எண்ணிக்கையைப் பார்த்தேன்.
பார்த்தவர்கள் நாலு பேர்.
மூன்று நான்.
நாலாவது ஆள் யாரோ
ஒன்று ஐம்பத்தொன்று வரை இருந்திருக்கிறார்.
அப்படியென்றால் அவர் காதில் விழுந்திருக்கும்:
"ஒரு கிலோவுக்கு எத்தனை முங்குன்னு
எண்ணிட்டு வந்து வெல பேசு."