மைக் டெஸ்ட்

பலகையில் 'உலகு மொபைல்ஸ்' என்றிருக்கும்.
உலகநாதனைத் தேடித்தான் வருவார்கள்.
"கடைக்காரர் இல்லையாம்மா?"
உலகம்மாள் நான்
ஸ்க்ரூ டிரைவரைப் பல்லில் கடித்தபடி
போனுக்குக் கை நீட்டுவேன்.
யாரும் உடனே தருவதில்லை.

ஜங்ஷன் ஈரடுக்குப் பாலத்தின் கீழே
ஆறடிக்கு எட்டடி.
மேலே பஸ் போனால்
மேஜையில் திருகாணிகள் நடுங்கும்.
காலையில் துடைத்த கண்ணாடியில்
மத்தியானமே மண் இறைத்துவிடும்
ஆனிக் காற்று.

நேற்று கொம்பையாவின் போன்.
காலேஜில் முதல் வருஷம்.
"கை தவறி விழுந்துட்டுக்கா."
கை தவறினால் மூலை உடையும்.
இது நடுவில் நொறுங்கியிருந்தது,
தோற்றுப்போன ராத்திரியின் முஷ்டி.
நான் கேட்கவில்லை. தொழில்.

புது டிஸ்ப்ளே மாட்டி
தொடுதிரை பார்த்து, ஸ்பீக்கர் பார்த்து
மைக் பார்ப்பதற்குள் வந்தது
விளையாட்டிலிருந்து அழைப்பு.
பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கிறதென்று
பார்க்க வேண்டாமா?
எனக்கே சொல்லிக்கொண்ட பொய்.
டெஸ்ட் பண்ணிப் பண்ணியே
நாலு வருஷமாய் நான் இதில் கெட்டி.

"லேய் கொம்பையா, வந்துட்டியால?
நேத்து மாதிரி பொட்டக் கணக்கா ஒளியாத."
இது ஜெபஸ்டின்.
"சேல எடுத்து வச்சிருக்கேன்ல, தோத்தா கட்டிக்க."
இது மீரான்.
வானமாமலைக்கு மெலிசான குரல்.
அதனால்தானோ என்னவோ
அவன்தான் அதிகம் கத்தினான்.

கிணற்றுக்குப் பின்னால் விழுந்தாள்
மஞ்சள் சட்டைக்காரி ஒருத்தி.
செத்த பிறகும் அவள் மேல் நின்று
குந்தி எழுந்தான் ஜெபஸ்டின்,
குந்தி எழுந்தான்.
பிறகு ஒரு சொல் சொன்னான்.
பேப்பரில் படித்திருக்கிறேன் அந்தச் சொல்லை,
ஊரோடு, வயதோடு,
பெயர் மட்டும் மாற்றப்பட்டிருக்கும்.
இங்கே அதற்கு
நல்லா ஜெயிச்சோம் என்று அர்த்தம்.

கெட்ட பையன்கள் என்று சொல்ல மாட்டேன்.
உம்மாவைக் கூட்டிவந்து
எழுத்தைப் பெருசாக்கி வைங்கக்கா,
அவளுக்குக் கண் தெரியல என்று
வெயிலில் நின்றவன்தான் மீரான்.

நானும்தான்.
போன மாதம் சைக்கிளில் விழுந்து
முட்டி கிழிந்து வந்தான் என் மகன்.
டெட்டால் பஞ்சோடு குனிந்து சொன்னேன்:
"பொம்பளப் பிள்ள கணக்கா அழாதல."
பாட்டில் மூடியைப் பிடித்தபடி
பக்கத்திலேயே நின்றாள் பொம்பளப் பிள்ளை.
அவள் அழவில்லை.

ஓட்டுக் கூரையில் இரண்டு பேர். சாய்த்தேன்.
ஜீப்பில் வந்தவனை டயரில் சுட்டு நிறுத்தி
இறங்கும்போது அடித்தேன்.
கடைசி ஆள் மரத்துக்குப் பின்னால்.
திருகாணி எடுத்துப் பழகிய விரல்,
மேலே பஸ் போனாலும் நடுங்காது.

"எம்மா! கொம்பையா!"
"ஆம்பளைல நீ!"
"இன்னைக்குத்தாம்ல ஆம்பளையா ஆடிருக்க!"

சொல்ல வெட்கமாக இருக்கிறது,
ஒரு நொடி இனித்தது.

பிறகு ஞாபகம் வந்தது,
மைக் இன்னும் பார்க்கவில்லை.
அழுத்தினேன்.

"மைக் நல்லாருக்கு.
டிஸ்ப்ளே ஆயிரத்தி எண்ணூத்தம்பது.
கொம்பையாட்ட சொல்லுங்க,
எட்டு மணிக்குக் கடைய அடைச்சிருவேன்."

திருச்செந்தூர் பஸ் பாலத்தில் ஏறி இறங்கும் நேரம்
ஹெட்போனில் ஒன்றுமில்லை.
யார் வீட்டிலோ குக்கர் விசில்.
யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள்.

பிறகு வானமாமலை,
கத்தாமல்,
தன் சொந்தக் குரலில்:
"அக்கா...
மரத்துக்குப் பின்னால நின்னவன
எப்படிக்கா பாத்திய?"

நிழல் வெளிய கெடந்துச்சு, என்றேன்.

மற்ற இரண்டு பேரும்
வெளியேறியிருந்தார்கள்.