எழுத்துக் கூலி

திஜோன், 1788 குளிர்காலம்

எழுத்துக்கு இரண்டு தெனியே.
இடைவெளிக்குக் காசில்லை.
ஆகவே, ஒளிப்பானேன்,
புதிய பெயர்கள் எனக்குப் பிடித்திருந்தன.
எப்சம் உப்பு என்று எழுதினால்
ஒரு கோப்பை சூப்.
மக்னீசியா சல்பேட் என்று எழுதினால்
சூப்போடு ரொட்டி.

பாரீசில் நாலு பேர் கூடி
உலகத்துச் சரக்குக்கெல்லாம்
பெயர் மாற்றிவிட்டார்களாம்.
"ஞானஸ்நானமே செல்லாது என்றால்
பிள்ளையை என்னவென்று கூப்பிடுவது?"
மருந்துக்கடை த்ரூவே
பொடி போட்டுத் தும்மினார்.
ஆனாலும் ஜாடிகளை இறக்கித் தந்தார்,
கத்தியும் வெந்நீரும் தந்தார்.

கணக்கு எளிது:
எதுவும் எதுவும் சேர்ந்ததோ
அதுவே பெயர்.
ஊர் வேண்டாம், கிரகம் வேண்டாம்,
கண்டவன் பெயரும் வேண்டாம்.
வாலைப் பார்த்துக்கொள்:
ஏட் என்றால் காற்று நிறைய,
ஐட் என்றால் கொஞ்சம் கம்மி.

கந்தக ஈரலைச் சுரண்டினேன்.
அஞ்சன வெண்ணெயைச் சுரண்டினேன்.
வெண்ணெய்தானே என்று விரல் வைத்த தழும்பு
கடைப்பையன் ஃபிர்மேனின் கட்டைவிரலில்
இன்னும் பளபளக்கிறது.
துத்தநாகப் பூவில்
நானே வரைந்த ஏழு இதழ்கள்.
ஆறு வந்துவிட்டன,
ஏழாவது மட்டும்
கத்தியை மழுங்கடித்தது.

பிறகு மூன்றாம் தட்டு.

சனிச் சர்க்கரை.

ஈயத்துக்குப் பழைய ஆட்கள் வைத்த பெயர் சனி.
சர்க்கரை என்றதும் பொய்யில்லை,
நக்கினால் இனிக்கும்.
அதுதான் வினை.
பொன் மையில் எழுதி
பக்கத்தில் ஒரு சர்க்கரைக் கூம்பும் வரைந்து
கூம்புக்குத் தனிக்கூலி கேட்டவள் நான்.

புளித்த ஒயினுக்கு
பீப்பாய்க்கு ஒரு பிடி.
சட்டம் தடுத்திருந்தது,
நாக்கு தடுக்கவில்லை.
சாராயக்கடை புர்தோ
இந்த ஜாடியிலிருந்துதான் வாங்கினான்.
என் எலுவா குடித்துவிட்டு வந்து
"இந்த வருஷம் திராட்சை
நல்லா வாய்ச்சிருக்கு" என்றான்.
மறு வருஷமும் சொன்னான்.
அதற்குள் ஈறில் நீலக்கோடு,
மணிக்கட்டு இரண்டும் தொங்கி
கரண்டியைக்கூட நான்தான் பிடிக்கவேண்டும்.
தவக்காலம் வரை இருந்தான்.

பெயரில் ஈயம் இருந்திருந்தால்
புர்தோ போட்டிருக்கமாட்டானா?
போட்டிருப்பான்.
ஆனால் ஈயம் என்று
வாய்விட்டுக் கேட்டு வாங்கியிருப்பான்.
த்ரூவே காதில் விழுந்திருக்கும்.
எழுதிய என் கைக்கும்
தெரிந்திருக்கும்.

கறுப்பு மை.
ஈய அசிட்டைட்.
படம் எதுவுமில்லை.
கூலி வாங்கினேன்,
இரண்டு முறை எண்ணி வாங்கினேன்.

பன்னிரண்டு ஆண்டு கழித்து
மறுபடி ஆள் வந்தது.
அதற்குள் ராஜா இல்லை,
மாதங்களின் பெயர் மாறியிருந்தது,
எங்கள் தெருவின் பெயர் இரண்டு முறை.
கடை இப்போது ஃபிர்மேனுடையது.
"ஒரு எழுத்து தப்பாம்.
அசிட்டைட் இல்லை, அசிட்டேட்."

தெனியே செல்லாக்காசு ஆகிவிட்டதால்
ஒரு சாந்தீம் தந்தான்,
அந்தத் தழும்பு விரலால்.
ஜாடியை வெளிச்சத்தில் சாய்த்தேன்.
சுரண்டியது போக மிச்சமிருந்த
கூம்பின் பொன் விளிம்பு
சாய்த்தால் தெரிந்தது,
நிமிர்த்தினால் இல்லை.

வாலை மட்டும் மாற்றினேன்.
ஈயத்தின் மேல்
தூரிகை படவில்லை.