குடுவை கழுவுகிறவள்

க்ரோனிங்கனில் மழைக்கு நேரங்காலம் கிடையாது.
இரண்டாம் மாடி, வடக்குச் சன்னல்,
தொட்டி நிறையக் குடுவைகள்.
பதினேழு வருடமாய் என் வேலை
உயிர் ஆகாமல் போனதைச் சுரண்டி எடுப்பது.

மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன், நீராவி,
ஒரு வாரம் மின்பொறி.
முதல் நாள் இளஞ்சிவப்பு
மூன்றாம் நாள் பால் விடாத தேநீர்
அப்புறம் தார்.
அதில் ஒரு சொட்டைப் பிரித்துப் பார்த்து
"கிளைசின்" என்பார் பேராசிரியர் சீப்ரன்,
தொட்டிலில் குனிந்து பெயர் சொல்கிறவர் போல.
மிச்சம் எனக்கு.
அசிட்டோன், அமிலம், கம்பி பிரஷ்.
தார் லேசில் விடாது.
நகக்கண்ணில் ஏறிக்கொண்டு
ஞாயிற்றுக்கிழமை ரொட்டி வரைக்கும் கூடவே வரும்.

அந்தக் காற்று அப்படி இருக்கவில்லை என்று
இப்போது சொல்கிறார்கள்.
மாணவர்களுக்குக் காட்ட மட்டும்
வருடம் ஒருமுறை மின்பொறி.
மூன்றாம் மாடி ஆழ்கடல் கட்சி:
கும்மிருட்டு, பாறை வெடிப்பு, கசியும் வெந்நீர்,
காரத்துக்கும் அமிலத்துக்கும் நடுவே
முட்டை ஓட்டைவிட மெல்லிய சுவர்.
உடம்பு வருமுன் பசி வந்துவிட்டது என்கிறார்கள்.
எங்கள் மாடி குளத்துக் கட்சி:
நனைந்து காய்ந்து நனைந்து
எழுத்தோடு எழுத்து கோத்துக்கொண்டது.
வாய் வருமுன் சொல் வந்துவிட்டது என்கிறோம்.
லிஃப்டில் சந்தித்தால்
இரு கட்சியும் மழையைப் பற்றிப் பேசும்.

நவம்பரில் யெல்மர் ஒரு சீட்டு ஒட்டினான்:
"மூன்றாம் படிக்கும் நான்காம் படிக்கும் இடையே
வடிகட்டி, கழுவி, சுத்தமாய்த் தரவும்."
சர்க்கரை நாற்பது வகை விளைந்திருந்தது.
அவனுக்கு வேண்டியது ஒன்று.
கழுவித் தந்தேன். தரும்போது கேட்டேன்:
"அன்றைக்கு இதை யார் கழுவினது?"
சிரித்தான். சீப்ரனைப் பார்த்தான்.
"நல்ல கேள்வி, ஃப்ரௌக்க" என்றார் சீப்ரன்.
இந்தக் கட்டடத்தில்
பதில் இல்லாத கேள்விக்கு அதுதான் பெயர்.

சனிக்கிழமை ஹார்லிங்கனில்
அம்மாவின் பழைய பூட்ஸை மாட்டிக்கொண்டு
கடல் இறங்கிப்போன சேற்றில் நடந்தேன்.
ஆறு மணி நேரம் நிலம், ஆறு மணி நேரம் கடல்.
அன்றைக்கு நிலா இன்னும் கிட்டத்தில் இருந்ததாம்,
அலை இன்னும் தூரம் ஏறுமாம்.
ஆனால் அலைக்கு
எதைக் கொட்டுவது எதை வைப்பது என்று தெரியாதே.
பள்ளத்தில் நுரை.
கொழுப்பு தண்ணீரில் தன்னைத்தானே மூடிக்கொள்ளும்,
தினமும் என் தொட்டியில் பார்க்கிறேன்.
அதற்கு முன்னால் உள்ளே என்று ஓர் இடமே இல்லை.
ஒரு குமிழி மூடிய பிறகுதான்
மற்றதெல்லாம் வெளியே ஆனது.
பூட்ஸுக்குள் தண்ணீர் புகுந்ததும் திரும்பிவிட்டேன்.

திங்களன்று ஒரு குடுவையை மட்டும் கழுவவில்லை.
தாரோடு சன்னல் ஓரம் வைத்தேன்.
ஒழுகும் குழாயடியில் கொஞ்ச நாள்,
ஹீட்டர் மேல் கொஞ்ச நாள்.
யாரிடமும் சொல்லவில்லை.
துடைக்கிற வேலைக்கு ஆள் வைத்தவர்கள்
துடைக்காததைக் கவனிப்பதில்லை.

பிப்ரவரியில் தார் மேல்
சாம்பல் நிறத்தில் ஒரு ரோமம்.
யெல்மர் நுண்ணோக்கியில் ஒரு நிமிடம்கூட இருக்கவில்லை.
"பூஞ்சை. காற்றில் வந்தது. மாசு."
இப்போது புதிதாய் ஒன்று தொடங்கினாலும்
பழையது வந்து தின்றுவிடும் என்றான்.
முதலில் வந்ததற்கு இருந்த ஒரே அதிர்ஷ்டம்
தின்ன ஆள் இல்லாததுதான்.

அவன் போன பிறகு
கையுறை போட்டு, பிரஷ்ஷை எடுத்து
குடுவையைக் கவிழ்த்தேன்.
ஒரு பக்கம், ஒரு விரற்கடை அகலத்துக்கு,
தார் இல்லை.
கண்ணாடி பளிச்சென்று இருந்தது.
பதினேழு வருடத்தில்
எனக்குக் கிடைத்த முதல் உதவியாள்.