காலி எடை

சிப்காட் சாலையில் எடைமேடை வேலை எனக்கு.
லாரி ஏறும், நிற்கும்.
சரக்கோடு ஓர் எடை, இறக்கிவிட்டு வந்தால் ஓர் எடை.
'காலி... காலி வண்டி மேல வா' என்று
நாள் முழுக்க மைக்கில் சொல்வேன்.
கழித்துச் சீட்டடித்துக் கொடுப்பேன்.
இருபது கிலோவுக்குக் கீழே என் மேடைக்குக் கணக்கில்லை.

ஒன்பது வயதில் லோகித் இருபத்தாறு கிலோ.
மணிக்கட்டில் அவனே கடித்த தழும்புகள்.
தலை மோதி மோதி
கூடத்துச் சுவரில் ஓரிடம் மட்டும் வழவழத்திருக்கும்.

இரவில் அரை மாத்திரை.
மூன்றாம் வாரம் சுவர் ஓய்ந்தது.
நாலு வருஷத்தில் முதல்முறையாக
கதவைச் சாத்திக்கொண்டு குளித்தாள் தனக்கொடி.
வெளியே வர அரைமணி நேரமானது.

ஐந்தாம் வாரம் அவன் பேசினான்.
'பசி.'
அம்மா என்றுகூடச் சொல்லாத வாய்.
அவள் தெரு முழுக்க ஓடிச் சொன்னாள்.
நான் மஞ்சக்குப்பத்தில் அரைக் கிலோ அல்வா வாங்கினேன்.
இன்னொரு தரம் சொல்லு, இன்னொரு தரம்,
சொல்லச் சொல்லப் போட்டோம்.

பிறகு கைகழுவிக்கொண்டே சொன்னான்.
தூக்கத்தில் சொன்னான்.
ராத்திரி இரண்டு மணிக்குப் பார்த்தால்
சோற்றுப் பானைக்குள் முழங்கை வரை கை.
இன்னொரு நாள் வாய் நிறைய
களையாத ரேஷன் அரிசி.

சமையலறைக்குப் பூட்டு வாங்கப் போனேன்.
'திருட்டுப் பயமா?' என்றார் கடைக்காரர்.
ஆமாம் என்றேன்.

பின்கழுத்தில் கருப்பு படிந்தது.
அழுக்கென்று பீர்க்கங்கூட்டால் தேய்த்தாள்.
தோல் சிவந்தது, கசிந்தது, கருப்பு அப்படியே.
முன்பென்றால் வீட்டை இரண்டாக்கியிருப்பான்.
சும்மா நின்றான்.
'புள்ள நல்லா தேறிட்டான், சுத்திப் போடு'
என்றாள் எதிர்வீட்டு ரமணிபாய்.

ரத்தம் கொடுக்க வெறும் வயிறு வேண்டுமாம்.
விடியற்காலைப் பேருந்து.
நிலையத்து இட்லிக் கொப்பரையின் ஆவி ஜன்னல் வரை வந்தது.
அவன் மூக்கை என் உள்ளங்கையால் மூடினேன்.
ரெட்டிச்சாவடியில் பசி,
கன்னியக்கோயிலில் பசி,
தவளக்குப்பம் தாண்டி சொல்லில்லை, என் கையைக் கடித்தான்.

ஜிப்மரில் இடுப்பைச் சுற்றி நாடா பிடித்தார் டாக்டரம்மா.
எண்பத்தொன்று. எடை நாற்பத்தேழு.
வெறும் வயிற்றுச் சர்க்கரை நூற்றுப் பதினெட்டு.
'இது கழுவினா போற கருப்பில்லம்மா.
அவன் பேராசைக்காரனும் இல்ல. மாத்திரை செய்யுற வேலை.
நிறைஞ்சிடுச்சுனு வயிறு சொல்றது அவனுக்குக் கேக்கல.'
'அப்ப நிறுத்திடலாமா?'
அவர் பதில் சொல்லவில்லை.
அவன் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார்.
தழும்புகள் வெளுத்திருந்தன.

அளவைக் குறைத்து எழுதினார். பார்ப்போம் என்றார்.
சர்க்கரைக்கு இன்னொன்று எழுதினார்,
ஐம்பத்தெட்டு வயது எங்கள் முதலாளி
மேசை இழுப்பறையில் வைத்திருக்கும் அதே மாத்திரை.
அவனுக்கு வயது பதினொன்று.

சனிக்கிழமை அவள் தையல்கடைக்குப் போனாள்,
கால்சட்டைகளைப் பிரித்துவிட.
அவனை வேலைக்குக் கூட்டிப்போனேன்.
லாரி இல்லாத நேரம், போய் மேடை நடுவில் நின்றான்.
சிவப்பு எழுத்தில் நாற்பது.
ஏழு கிலோவைத் தள்ளுபடி செய்திருந்தது மேடை.

'பசி' என்றான்.
வெள்ளரிக்காய்ப் பிஞ்சு நறுக்கிக் கொண்டுவந்திருந்தேன்.
நின்றபடியே தின்றான்.
டப்பாவைக் கவிழ்த்துத் தட்டினான்.
என் பக்கம் நீட்டி,
மைக்கில் நான் இழுக்கிற அதே இழுப்பில்
'காலி' என்றான்.

இரண்டாவது சொல்.
பின்னால் ஒரு டாரஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.
இந்தத் தடவை யாரிடமும் ஓடிப்போய்ச் சொல்லவில்லை நான்.