காற்று வாங்கப் போனவன்

ஞாயிறு. விடிய இன்னும் மூன்று மணி நேரம்.
மின்தூக்கிக்குள் சைக்கிளை நிமிர்த்தி
முன்சக்கரத்தை நெஞ்சோடு அணைத்தபடி
பன்னிரண்டாம் மாடியிலிருந்து இறங்குகிறேன்.
எட்டில் ஏறினார் ஒரு தாதி.
இந்நேரத்தில் எங்கே, என்றார்.
காற்று வாங்க, என்றேன்.

பொய்யில்லை.
எங்கள் அணியில் எனக்கு அதுதான் வேலை.
மேம்பாலம் வந்தால் வெய் காங் பார்த்துக்கொள்வான்.
எத்தனையாவது சுற்று, யார் எப்போது தண்ணீர் குடிப்பது,
எல்லாம் பூங்குன்றன் கணக்கு.
சுல்கர்னைன் கடைசி இருநூறு மீட்டருக்கென்றே பிறந்தவன்.
அதுவரை அவனைப் பத்திரமாய்க் கொண்டுபோக வேண்டும்,
முட்டைத் தட்டு மாதிரி.
நான் முன்னால் போய் வாங்கிக்கொள்வேன்:
முகத்தில், விலாவில், பல்லிடுக்கில்.
நாற்பத்தேழு வயதில்
என் அகல முதுகு ஒருவருக்குப் பயன்படுகிறது.

சாங்கி கடலோரச் சாலை.
ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வேலி,
வேலிக்குள் ஓடுபாதை.
வாரநாளில் அந்தப் பக்கம் நின்று
விமானத்துக்குச் சக்கரம் மாற்றுகிறவன் நான்.
இன்று இந்தப் பக்கம், இரண்டே சக்கரம்,
தலைக்கு மேல் ஒன்று இறங்குகிறது.
அதன் டயரைப் பார்க்காதே, சாலையைப் பார்,
என்று கத்துகிறான் பூங்குன்றன்.

ஐந்து சுற்று.
நாலாவதில் யாரோ விழுந்தார்கள்.
கம்பி உரசும் சத்தம், ஒரு கெட்டவார்த்தை,
பிறகு மறுபடியும் சங்கிலிகளின் சளசளப்பு.
யாரும் நிற்கவில்லை. நானும்.

ஒப்பந்தம் இதுதான்:
முடிய மூன்று கிலோமீட்டர் இருக்கும்போது
நான் எழுந்து மிதிப்பேன்.
சுல் என் பின்சக்கரத்தில் ஒட்டிக்கொள்வான்.
பாயும் நேரம் வந்ததும் ஒரு முறை சொல்வான்: ஜாலான்!
இரண்டு முறை சொன்னால் அது உலாத்தல் ஆகிவிடும்,
என்று பயிற்சியில் சிரித்திருக்கிறோம்.

எழுந்தேன். மிதித்தேன்.
எதிர்காற்று வாசல்கதவைப் போல் நின்றது.
தோளால் தள்ளித் தள்ளித் திறந்தேன்.
திரும்பிப் பார்க்கக் கூடாது.
பின்னால் மூச்சு கேட்டது,
சீராக, அவசரமில்லாமல், என் செலவில்.
ஒட்டிக்கோ சுல், விட்டுடாதே சுல்,
என்று வாயில் எச்சில் நூலாகத் தொங்கச் சொன்னேன்.
தொடை இரண்டும் வேறு யாருடையவோ.
ஐந்நூறு. நானூறு.
முந்நூறில் ஜாலான் வரவில்லை.
இருநூறில் வரவில்லை.

திரும்பினேன்.

பச்சைச் சட்டை.
இருபது வயதிருக்கும், பல்லில் கம்பி.
முன்பின் பார்த்தறியாத பையன்.
தேங்க் யூ அங்கிள், என்றான்,
உண்மையான மரியாதையோடு.
என்னைக் கடந்து பறந்தான்.

அவனுக்கு மூன்றாம் இடம்.
எனக்கு முப்பத்தொன்று.
சுல், படகுமுனையத் திருப்பத்தில்
கண்ணாடிச் சில்லு ஏறிய சக்கரத்தைக் கையில் பிடித்தபடி
மரத்தடியில் நின்றிருந்தானாம்.
என் பெயரைச் சொல்லிக் கத்தினானாம்.
காற்றை வாங்கிய காதுக்கு வேறெதுவும் எட்டவில்லை.

கோப்பிக்கடையில்
வெய் காங்குக்குச் சிரித்துச் சிரித்து
மூக்கு வழியே கோப்பி வந்தது.
பூங்குன்றன் என்னோடு பேசவில்லை.
சுல் மட்டும் பரோட்டாவைப் பிய்த்தபடி கேட்டான்:
ரெண்டு வருஷமா உன் பின்னாலதானே வர்றேன்,
என் மூச்சு உனக்குத் தெரியாதா?

பதிலுக்கு ஒன்றும் இல்லை.
இன்னொரு பரோட்டா சொன்னேன்.

வீடு திரும்பும்போது
முன்னால் போ, என்றேன் அவனிடம்.
பூங்கா இணைப்புப் பாதை, வெயில் ஏறிவிட்டது.
அவன் காற்றை வாங்க, நான் சும்மா வந்தேன்.
அப்போதுதான் பார்த்தேன்.
கடைசியாய்ச் சேர்ந்தவன் என்று
தனியாக அச்சடித்த சட்டை அவனுடையது.
முதுகில் எங்கள் அணியின் பெயர், பெரிய எழுத்தில்.
கொம்பு விட்டுப்போயிருந்தது.
வேகம் அல்ல, வகம்.

இரண்டு வருடமாய் அதைப் போட்டுக்கொண்டு
என் பின்னால் வந்திருக்கிறான்.

சொல்லவில்லை.
மூச்சைக் கேட்டுக்கொண்டு வந்தேன்.
மேடு வந்தால் இரண்டு குட்டை, ஒரு நெட்டை.
சிவப்பு விளக்கில் நிற்கும்போது
மெல்ல விசிலடிக்கிறான்.