லை டு வி த

தூண் ரயில் நிலையத்துக்குப் பின்னால்
ஒரு ஹோட்டல் சமையலறை.
கோப்பை கழுவும் இயந்திரம் சுற்றி முடிய
மூன்று நிமிடம்.
அதற்குள் ஆட்டம்.

பால்பெட்டி அட்டையில் வெட்டிய நாலெழுத்தைக்
குலுக்கிப் போட்டான் நிமலரூபன்.

தலை என்றேன்.
விலை என்றான்.
தடு. விடு. தவி.
எனக்குத் தவிடு கிடைத்தது.
"மாட்டுக்குப் போய்ப் போடு" என்று
புள்ளி தர மறுத்தான்.
சண்டை.

ஈரக்கையோடு எட்டிப் பார்த்த
சமையல்காரி சிபிண்டன்
லை-யைத் தொட்டு
இது யானையா என்றாள்.
ஆமாம் என்றோம்,
விளக்க நேரமில்லை.

நாலும் சேர்ந்தால் இருபது புள்ளி.
அந்தச் சொல் இருவருக்கும் தெரியும்.
என் வாய் திறந்தது,
இயந்திரமும் திறந்தது.

நீராவிக்குள் நின்று அவன்
தட்டுகளை எண்ணத் தொடங்கினான்,
சத்தமாக,
ஒன்றிலிருந்து.